ஆத்தாளுக்கு எடுத்து வைத்த அப்பம்

பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு எழுந்த அண்ணன், வாயை மூடியபடி எங்கள் வரிசைக்குத் திரும்பி வந்தான். கைகள் கூப்பியிருந்தன. தாடை அசையவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்ததும் உதட்டைத் துடைப்பவன்போலக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில் நான் கண்டது இவ்வளவுதான். அவனுக்குக் கருமாதி முடித்து ஊர் திரும்பிய பிறகும், அவனை நினைக்கும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது அந்த அசையாத தாடைதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. போடியில் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய ஆண்கள் பள்ளியின் விடுதியில் நாங்கள் இருவரும் இருந்தோம். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.; நான் அவனுக்கு இரண்டு வகுப்பு கீழே. பள்ளி முதன்முதலில் தொடங்கியது ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் என்பார்கள். பின்னால் கட்டிய கல் கட்டடங்களுக்கு நடுவே அந்தக் கிட்டங்கி விடுதிச் சாப்பாட்டுக் கூடமாக மிஞ்சியிருந்தது. மழைக்காலத்தில் அதன் சுவர்கள் கசியும்போது சோற்றிலும் ஏலக்காய் மணக்கும். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் வாயை மூடி, மணி அடித்தால் படிக்கும் வாழ்க்கை. மலைத் தோட்டங்களிலிருந்து வந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்த மணிகள் முதலில் அச்சமூட்டின. பிறகு அவை இல்லாத விடுமுறை நாட்கள்தான் அச்சமூட்டின.

இந்துப் பிள்ளைகளும் ஞாயிறு பூசைக்கு வர வேண்டும் என்பது விடுதி விதி. பின்வரிசையில் உட்காருவோம், அவர்கள் எழுந்தால் எழுவோம். கத்தோலிக்கப் பிள்ளைகள் ‘நன்மை வாங்க’ வரிசையாகப் போகும்போது மட்டும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நன்மை என்பது கோதுமையில் செய்த வெள்ளை அப்பம், காய்ந்த பூவிதழ் போல மெல்லியது. பூசையில் அது கிறிஸ்துவின் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது அவர்களுடைய விசுவாசம். நகரக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் வேறு. எந்தச் சாமியைக் கும்பிடப் போனாலும், வர முடியாமல் வீட்டில் கிடப்பவருக்கு ஒரு பங்கு கொண்டுவர வேண்டும். காகிதத்தில் மடித்த திருநீறோ, ஒரு சில்லுத் தேங்காயோ ஏதேனும் ஒன்று. வெறுங்கையோடு திரும்பினால் போனதே வீண்.

அந்தப் பூசைக்கு முந்தின நாள் மாலை, குரங்கணிக்கு அரிசி ஏற்றிச் செல்லும் ஜீப்பின் டிரைவர் விடுதி வாசலுக்கு வந்து எங்களை அழைத்தார். “அப்பு, ஒங்க ஆத்தாளுக்கு மேலுக்கு ரொம்ப முடியல. கஞ்சி கூட எறங்க மாட்டேங்குது. பரீச்சை நேரம், மேல வர வேணாம்னு ஒங்கப்பன் சொல்லிவிட்டாரு. ஏதாச்சும் குடுத்து விடுறதுன்னா காலைல லோடு ஏத்துறதுக்குள்ள கொண்டாங்க” என்றார். அன்றிரவு அவன் என்ன முடிவு செய்தான் என்பது மறுநாள் பூசையில்தான் எனக்குத் தெரிந்தது. பூசை வைத்தவர் வெளியூர்ச் சாமியார். எங்கள் முகம் அறியாதவர். வரிசையில் வந்து நாக்கை நீட்டிய பிள்ளைக்கு அப்பத்தை வைத்தார்.

கண்டுபிடித்தவர் உபதேசியார். கோயில் காரியங்களைக் கவனித்தவர். பிள்ளைகளுக்கு ஞானபாடம் சொல்லிக் கொடுத்தவர். வாசலிலேயே அண்ணனின் கையைப் பிடித்துவிட்டார்.

“டேய், பாக்கெட்டுல என்னடா?”

“பிரசாதங்க.”

“பிரசாதமா? இதென்ன பழனிப் பஞ்சாமிர்தமாடா, டப்பாவுல அடைச்சு வீட்டுக்கு அனுப்ப?” என்றவரின் குரல் நடுங்கியது. கோபத்தைவிடப் பயமே அதில் மிகுதியாக இருந்தது என்று இன்று தோன்றுகிறது. அதற்குள் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் என் காதோரம், “மாப்ளே, ஒங்கண்ணன் சாமியவே அமுக்கிட்டான்டா” என்றான். சிலர் சிரித்தார்கள். உபதேசியார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தலைமை ஆசிரியராகவும் விடுதிப் பொறுப்பாளராகவும் இருந்த ஃபாதரின் அறைக்குள் எங்கள் இருவரையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஃபாதர் பிரம்பைத் தொடவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, கையை மட்டும் நீட்டினார்.

“அதைக் கொடு.”

“மாட்டேங்க ஃபாதர். எங்க ஆத்தாளுக்கு.”

“அது அப்படி எடுத்துக்கிட்டுப் போறதில்லப்பா.”

“நீங்க எடுத்துக்கிட்டுப் போறீங்களே. டேசனுக்குப் பின்னால படுத்த படுக்கையா இருக்குற டீச்சரம்மாவுக்கு, சைக்கிள்ல. நான் பாத்திருக்கேங்க.”

உபதேசியார் குறுக்கிட்டார். “அவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்கடா! ஃபாதர், இவன இன்னைக்கே வெளிய அனுப்பணும். சபை கேட்டா நாம என்ன பதில் சொல்றது?”

ஃபாதர் நீட்டிய கையை மடக்கவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் அதுவரை எவரும் எழுதாத தேர்வு. வகுப்பில் முதலாவதாக வருபவன் அவன்தான். காகிதத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பது அந்த அறையில் இருந்த நால்வருக்கும் தெரியும். வெளியே பஜார்ப் பக்கமிருந்து ஜீப்பின் ஹாரன் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். “நீ இரு. நீயும் வந்தா அப்பன் தோல உரிச்சுப்புடுவாரு” என்றான். பிறகு சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். உபதேசியார் கூச்சலிட்டபடி வராந்தாவரை துரத்தினார். ஃபாதர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. செபமா, வேறெதுவுமா, அறியேன்.

ஆத்தா அதைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து விழுங்கினாளாம். அதற்குப் பிறகு அவளுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாள். செய்தி ஜீப்பில் வந்தது. என்னை மேலே அழைத்துச் சென்றவர் ஃபாதர்தான். குரங்கணியோடு ஜீப் பாதை முடிந்தது. அதற்கு மேல் ஏற்றத்தில், அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஏலச் செடிகளின் ஈரம் எங்கள் இருவர் மீதும் சொட்டியது. அவர் அண்ணனைத் தண்டிக்க வருகிறாரா, துக்கம் கேட்க வருகிறாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அடக்கம் முடிந்தபின் லயத்தின் ஓரத்தில் அண்ணனை நிறுத்திப் பேசினார். அப்பா சற்றுத் தள்ளி, தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

“திரும்பி வா. ‘தெரியாமச் செஞ்சிட்டேன்’னு பையங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

“தெரிஞ்சுதாங்க செஞ்சேன், ஃபாதர்.”

“தப்புன்னாவது சொல்லுவியா?”

அண்ணன் தலையை ஆட்டி மறுத்தான். ஃபாதரின் முகம் சிவந்தது. தன்னை அடக்கிக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. “எனக்கு அது தப்புதான்ப்பா. நான் அதை இல்லைன்னு சொல்ல முடியாது” என்றார். பிறகு, “பரீட்சை வரைக்கும் உன் இடம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். நான் அவர் பின்னால் போனேன். தேர்வு நாட்களில் அவன் மேசை காலியாகக் கிடந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன்.

அண்ணன் அந்த மலையிலேயே தங்கினான். களை வெட்டினான், காய் எடுத்தான், பிறகு காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டான். நான் அதே பள்ளியில் முடித்து, கல்லூரிகளுக்குப் போய், கல்லூரியிலேயே ஆசிரியனாகி ஓய்வும் பெற்றேன். என் படிப்புகளில் எதையும் அவன் குறைத்துப் பேசியதில்லை. பெருமைப்பட்டதும் என் முன்னால் இல்லை. ஃபாதரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் மறைந்தபோது போடிக்கு இறங்கி வந்து, கோயிலுக்குள் நுழையாமல், வெளியே வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினான்.

கடைசியாக அவனைப் பார்க்கப் போனபோது அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. சுவர்ப் பக்கம் சாய்த்து உட்காரவைத்தேன். வாழ்நாளெல்லாம் கேட்காமல் விட்டதை அன்று கேட்டேன்.

“ஒரு வார்த்தைதானேண்ணே. சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?”

மூச்சு நிலைக்கும்வரை காத்திருந்து சொன்னான். “தப்புன்னு நான் சொல்லியிருந்தா, ஆத்தா கடேசியாத் தின்னது திருட்டுப் பண்டம்னு ஆயிருக்கும்லடா.”

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. “வெரசாக் கெளம்பு, கொரங்கணில கடேசி ஜீப்பு போயிரும்” என்றான். சரி என்றேன். வாசலில் கிடந்த செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அவன் அருகில் பாயை விரித்தேன்.