கூரைமேல் வேல் வைத்த கேரவன்

புதுக் கேரவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த அன்றே அதற்குக் கண் பட்டுவிட்டது என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். குனோங் ராபாட்டில் எங்கள் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் அதைச் சுற்றி வந்து கருத்துச் சொல்லும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுடையதோ சாதாரண வண்டி இல்லை. அப்பாவின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ஒரு குட்டி வீடு. உள்ளே பெரிய கட்டில், மடக்கினால் மேசையாகும் இன்னொரு கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கூரையில் திறந்து மூடும் ஒரு காற்றுச் சன்னல். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் எந்த நடிகை வரப்போகிறாள் என்று கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்தான் அந்த நடிகை என்று பதில் சொல்லுமளவுக்குத் திமிர் இருந்தது.

அப்பா லாரி ஓட்டினார். பாரிட் புந்தாரில் அரிசி ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கப் போவார். வழியில் கடற்கரை ஓரமாக லாரியை நிறுத்தித் தூங்குவார். வீட்டுக்குத் திரும்பியதும், விடியும்போது கடல் எப்படி இருந்தது என்று எங்களுக்குச் சொல்வார். தனியாகக் கடல் பார்த்தது போதும் என்று அவருக்கு ஒருநாள் தோன்றியிருக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கேரவனை வாங்கிவிட்டார். பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் லூமுட் கடற்கரைக்குப் போகிறோம் என்று அறிவித்தார்.

கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தை அம்மாவின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அம்மா ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். லீவு கிடைத்தால் கால் நீட்டித் தூங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. "வீட்லயும் சமைக்கணும், அங்க வந்து கடலப் பாத்துக்கிட்டும் சமைக்கணுமா?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு கேரவன் பக்கம் திரும்பவே இல்லை.

பூசை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம், தேங்காய் உடைத்தோம். இதெல்லாம் காருக்குப் போதும், இவ்வளவு பெரிய வண்டிக்குப் போதாது என்றார் சித்தப்பா. ஒரு சாண் உயரத்தில் பித்தளை வேல் ஒன்றை வாங்கி வந்து கேரவனின் கூரையில், முன்பக்கமாக நிறுத்தினார். நெடுஞ்சாலைக் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று பசையை நம்பாமல் நன்றாகத் துளை போட்டுத் திருகாணி முடுக்கினார். வெயில் பட்டு வேல் மின்னியது. இனி எந்தக் கண்ணும் அண்டாது என்று நாங்களும் நம்பினோம்.

கண் அண்டவில்லை. தண்ணீர் அண்டியது. முதல் மழையிலேயே பின்பக்கத்துக் கட்டிலின் நட்ட நடுவில் சொட்டத் தொடங்கியது. விற்றவரைக் கூப்பிட்டோம். அவர் வந்து காற்றுச் சன்னலைச் சுற்றி வெள்ளை சிலிக்கான் பூசினார். கூரையைக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், இணைப்புகளை அடிக்கடி பார்க்க வேண்டும், இதெல்லாம் வாங்கியவர் பொறுப்பு என்று பாடம் நடத்திவிட்டுப் போனார். அப்பா கூரையைக் கழுவினார். மறுபடி மழை பெய்தது, மறுபடி சொட்டியது.

அப்புறம் சித்தப்பா களத்தில் இறங்கினார். பழைய பூச்சைச் சுரண்டுவார், புதுசு பூசுவார், காய விடுவார். சன்னல் ஓரம், மூலைகள், விளக்குக் கம்பி நுழையும் இடம் என்று ஒன்றையும் விடவில்லை. வேல் வந்ததும் மட்டும் கைகூப்பிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். வெறும் காலோடுதான் ஏறுவார். வெள்ளிக்கிழமைகளில் வேலுக்குக் கொஞ்சம் பால் ஊற்றிச் சந்தனமும் வைப்பார். அவ்வளவு பக்தியாகப் பார்த்துக்கொண்டும் வண்டி ஒழுகியது. மெத்தையை வாசல் கேட்டில் போட்டுக் காய வைத்தோம். நடிகை படுக்கையை நனைத்துவிட்டாளா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அதற்குப் பிறகு நான் நடிகையாக இருப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா இதற்காகவே காத்திருந்தார்போல. பத்து காஜா டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவரை அவருக்குத் தெரியும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கடை போட அவர் இப்படியொரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். ஒழுகுவதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார் அம்மா. மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பேசி முடித்துவிடலாம் என்று பாய் சொல்லியனுப்பினார். அப்பா சரி என்றார். அந்த வாரம் கடலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். லூமுட் பயணம் போய்விட்டதே என்று குளியலறையில் அழுதேன்.

ஞாயிறு காலை சித்தப்பா இன்னொரு குழாய் சிலிக்கானோடு வந்து ஏணி போட்டார். அப்பா பிக்கப்பில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் பார்த்தார். துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"தம்பி, ஓட்ட எங்கன்னு தெரியாம எத்தன நாளைக்குப் பூசிக்கிட்டே இருப்பீங்க? ஊதிப் பாத்தீங்களா?"

"ஊதுறதா? அண்ணி, இது கேரவன்லா, பலூன் இல்ல."

கையுறைகளுக்குக் காற்றடித்து ஓட்டை பார்க்கிற பிரிவில்தான் அம்மாவுக்கு வேலை. ஐந்து விரல் உள்ள கையுறைக்குச் செய்வதை இரண்டு கட்டில் உள்ள கையுறைக்கும் செய்தால் என்ன என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா பிறந்தநாள் விருந்துகளுக்குப் பிள்ளைகள் குதிக்கும் காற்றுக் கோட்டையை வாடகைக்கு விடுபவர். அம்மாவும் நானும் போய் அதற்குக் காற்றடிக்கும் இயந்திரத்தைத் தூக்கி வந்தோம். ஒரு சன்னலை அட்டையால் அடைத்து, அதில் துளை வெட்டிக் காற்றுக்குழாயைச் சொருகினோம். கதவையும் மற்ற சன்னல்களையும் டேப் ஒட்டி மூடினோம். அம்மா ஏணியில் ஏறி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக் கூரை முழுக்கப் பூசினார். வேலின் மேலும் பூசினார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

இயந்திரம் உறுமியது. ஒரு குமிழிகூட வரவில்லை. நான்தான் சொன்னேனே என்று சித்தப்பா சிரித்தார். தெருவில் கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அப்பா பிக்கப்பை விட்டு இறங்கினார். வண்டியின் பக்கத்தில் நின்று காது கொடுத்தார். பிறகு வாசல் மண்ணில் மல்லாந்து படுத்துக் கேரவனுக்கு அடியில் நுழைந்தார். "காத்து பூரா இங்க போவுது! தொட்டித் தண்ணி எறங்குற குழாயி!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. நான் துணியை எடுத்து நீட்டினேன். அதைச் சுருட்டிக் குழாயில் திணித்துவிட்டு, முதுகெல்லாம் மண்ணாக வெளியே வந்து நிமிர்ந்தார். அந்த வாரத்தில் அவர் முதுகு நிமிர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கேரவனின் சுவர்கள் லேசாக முறுக்கேறின. காற்றுச் சன்னலைச் சுற்றி ஒன்றும் இல்லை. மூலைகளில் ஒன்றும் இல்லை. சித்தப்பா பூசிய இடமெல்லாம் கெட்டியாக இருந்தது. மனிதர் வேலையில் குறை சொல்ல முடியாது. வேலின் காலடியில் மட்டும் முதலில் ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு, பிறகு பொங்கல் பானை பொங்குவதுபோல் நுரை பொங்கி வழிந்தது. "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று ஏணியிலிருந்து அம்மா போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார். நான் குதித்த குதியில் சோப்புத் தண்ணீர் வாளி கவிழ்ந்தது. எங்கள் வாசல் கேரவனின் பின்பக்கம் நோக்கிச் சரிந்திருக்கும். முன்னால் வேலின் துளைகளில் இறங்கிய தண்ணீர் கூரைக்கு உள்ளேயே ஓடிப்போய்க் கட்டிலுக்கு மேலே சொட்டியிருக்கிறது.

ஓட்டை தெரிந்துவிட்டது. வேலை யார் கழற்றுவது? நல்ல நேரம் பார்க்க வேண்டும், கோயிலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சித்தப்பா பின்வாங்கினார். ஊரைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு மேலே மேகம் கறுத்து வந்தது. அம்மா உள்ளே போய் வெற்றிலையில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்து வேலுக்குக் காட்டினார்.

"முருகா, கொஞ்ச நேரம் எறங்கி நில்லுய்யா. மழ வருது."

திருப்புளியைச் சித்தப்பாவிடமே நீட்டினார். "நீங்க வச்சது தம்பி. நீங்களே எறக்குங்க."

சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கழற்றினார். அப்பா துளைகளைத் துடைத்துக் காய வைத்து, சிலிக்கானால் நிரப்பி, அதன்மேல் கூரைக்கு ஒட்டுகிற கறுப்புத் தார் டேப்பை அழுத்தி ஒட்டினார். வேல் கேரவனுக்கு உள்ளே, கதவுக்கு மேலே குடியேறியது. ஒரு திருகாணிகூட இல்லாமல் பசையால் ஒட்டி வைத்தோம்.

பாய் வந்து இறங்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எல்லாரும் கேரவனுக்குள் ஓடி ஏறினோம். தகரத்தைத் தட்டுவதுபோல் தலைக்கு மேலே ஒரே சத்தம். எல்லாருடைய கண்ணும் கட்டிலுக்கு மேலேதான். பத்து நிமிடம் போனது, கால் மணி போனது. ஒரு சொட்டு விழவில்லை. சித்தப்பா மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இடம் போதாமல் என் கால் பாயின் தோளில் இடித்தது.

பாய் அதைப் பொருட்படுத்தவில்லை. கூரையைக் கையால் அழுத்திப் பார்த்தார். "என்னா தங்கச்சி, ஒழுகுதுன்னீங்க? இது சூப்பரா இருக்குலா. இப்பவே எடுத்துக்கிறேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். வண்டியைச் சரிசெய்து கையோடு தூக்கிக் கொடுத்துவிடுவோம் போலிருந்தது.

"மன்னிச்சுக்குங்க பாய்," என்றார் அம்மா. "விக்கல. லீவுக்கு லூமுட் போறோம்."

பாய் ஒரு நொடி விழித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். வந்ததற்கு ஒரு டீயாவது கிடைக்குமா என்று கேட்டார். அதுவரை யாரும் தொடாத கேரவன் அடுப்பை அம்மா பற்றவைத்தார்.

மறுநாள் பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன்: எங்கள் அம்மா கேரவனையே ஊதினார், சித்தப்பாவைத் தோற்கடித்தார், மழையையும் தோற்கடித்தார். பல வருடங்கள் இந்தக் கதையை இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வண்டி தொலையட்டும் என்று எங்கள் வீட்டில் விரும்பியது அம்மா ஒருவர்தான். வாசலைக் கூட்டி முடித்துவிட்டுப் பேசாமல் உள்ளே போயிருந்தால், சாயங்காலத்துக்குள் அவர் கேட்டது நடந்திருக்கும். இது என் மண்டைக்கு அப்போது எட்டவே இல்லை. நுரை பொங்கியபோது நாங்கள் எல்லாரும் வேலின் காலடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். அம்மா ஏணியில் நின்றபடி, கீழே மண் அப்பிய சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை அங்கே கூரையில் இருக்கும்போது அம்மா ஏன் கீழே பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.