லட்சுமணன் வடித்த பாஸ்தா

என் தம்பி லட்சுமணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு எனக்குச் சரக்கு தீர்ந்துவிடும். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஆபீசுக்கு லீவு போட மாட்டான். மீதியெல்லாம் வாய்தான்.

வேடந்தாங்கல் பக்கம் ஏர் பிடித்த குடும்பம் எங்களுடையது. நான் மூத்தவள், ஜெகதாம்பாள். அவன் எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். படித்தான், கல்பாக்கத்தில் மத்திய அரசு உத்தியோகம் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தபோது சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த சமையல். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் பீற்றினான். “சமையல் இன்னா, மலைய பொரட்டுற வேலையா?” என்பான். யாராவது கரண்டியைக் கையில் கொடுத்தால் அவசரமாக யாருக்கோ போன் பேசணும் என்று எழுந்து போய்விடுவான்.

போதாக்குறைக்கு, கஞ்சியை வடிக்காமல் சோறு தின்றால் சர்க்கரை வியாதி வரும் என்று எங்கேயோ படித்துத் தொலைத்தான். அன்றைக்கே குக்கர் பரணில் ஏறிவிட்டது. அவன் பெண்டாட்டி பிரதீபாவுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஊரப்பாக்கத்திலிருந்து காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டியைப் பிடிக்க வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து உலை வைத்து, வடித்துவிட்டு ஓடுவாள். இந்த மகாராஜா ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு, “சுத்தமா வடிஞ்சிச்சா?” என்று குரல் மட்டும் கொடுப்பான். வடிஞ்சிச்சாவாம்! எழுந்து போய்ப் பார்த்தால் கால் தேய்ந்துவிடுமா?

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் பிரதீபாவைக் கம்பெனியில் ஆறு மாதம் ஜெர்மனிக்குப் போகச் சொன்னார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த பையன்களெல்லாம் போய்த் திரும்பிவிட்டார்கள். இந்தத் தடவை மாட்டேன் என்றால் அப்புறம் கேட்கவே மாட்டார்கள். போகாதே என்று நேராகச் சொல்ல என் தம்பிக்குத் துணிச்சல் இல்லை. பன்னிரண்டு வயசு மகள் வைஷாலி தலையில் போட்டான். “நான் எப்படியோ இருந்துடுவேன். கொழந்த பட்டினி கெடப்பாளேன்னுதான் பாக்குறேன்.”

பிரதீபா சண்டைக்காரி இல்லை. நிதானமாகச் சொன்னாள். “வர்ற புதன்கிழமை ராத்திரி நீங்க தனியா சமைச்சுப் போடுங்க. வைஷாலி வயிறார சாப்பிட்டா நான் போறேன். சாப்பிடலன்னா போகல. வியாழக்கிழமை காலைல நான் பதில் சொல்லியாகணும்.”

அந்தச் சமயம் நான் கண் ஆபரேஷன் முடிந்து அவர்கள் வீட்டில் இருந்தேன். அடுப்புப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கண்ணில் கட்டு. ஹாலிலிருந்து அடுப்படி நேராகத் தெரியும். நடந்த கூத்தைப் பார்க்க மற்ற கண்ணே தாராளம்.

ரசம் வைத்து, முட்டை பொரித்துப் போட்டிருந்தாலே அந்தப் பெண் சாப்பிட்டிருப்பாள். துரைக்கு அது கௌரவக் குறைச்சல். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாளை அச்செடுத்து வந்தான். சாஸேஜ் போட்ட பாஸ்தா. “ஒரே பாத்திரம், அரை மணி நேரம்னு போட்டுகீதுக்கா. துலக்குற வேலையும் மிச்சம்.” என்னமோ இவன்தான் தினமும் துலக்கிக் கை தேய்ந்தவன் போல.

தாம்பரத்தில் ஏதோ பெரிய கடையில் வாங்கி வந்த கோழி சாஸேஜ், அதாவது அரைத்த கறியைத் திணித்த குழல், ஐஸில் விறைத்துப்போய்க் கிடந்தது. அதை வெட்டத் தெரியாமல் இரண்டு கத்தி, ஒரு அரிவாள்மனை. வெங்காயத்துக்கு ஒரு தட்டு, பூண்டுக்கு ஒரு கிண்ணம், தக்காளிக்கு ஒரு சட்டி. ஒரே பாத்திரமாம்! நான் பதினொன்று வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

இருந்தாலும் பொய் சொல்லக் கூடாது. சாஸேஜும் பூண்டும் வதங்கி, தக்காளி கரைந்து, தண்ணீர் கொதித்துப் பாஸ்தா வெந்தபோது வாசனை ஹால் வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. பரவாயில்லையே, மானத்தைக் காப்பாற்றிவிடுவான் போலிருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, வடிதட்டைத் தேட ஆரம்பித்தான்.

வைஷாலி தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். “அப்பா, தண்ணிய வடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குப்பா. அதுலதான் டேஸ்ட் எல்லாம் இருக்காம். அப்படியே சுண்ட விடணுமாம்.”

“எழுதுனவன் வெள்ளக்காரன். அவனுக்கு சுகர் வந்தா நமக்கின்னா? மாவுப் பண்டம்னா வடிக்கணும். தள்ளு.”

“டேய், கொழந்த சொல்றாளே, கேளுடா!” என்று நான் ஹாலிலிருந்து கத்தினேன்.

“நீ சும்மா இருக்கா. எனக்கு வடிக்கத் தெரியாதா?”

தெரியும், பாவி, அது மட்டும்தான் தெரியும். சட்டியைச் சாய்த்தான். உப்பு, காரம், தக்காளி, பூண்டு, எல்லாம் சிவப்புச் சாறாகத் தொட்டியில் ஓடியது. மேலே குழாயைத் திறந்து இரண்டு தரம் அலசினான் வேறு. சட்டியில் மிஞ்சினது வெளுத்த மாவும், வெளுத்த சாஸேஜும்.

ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போச்சே என்று வருத்தப்படுவான் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது. ஐயோ, மலர்ந்ததே! ஒரு கல் உப்பாவது மேலே தூவியிருக்கலாம், தூவவில்லை. கெடுத்தது தெரியாமல். அப்படியே விட்டது தெரிந்தே. அந்த நிமிஷம் அவனை என் தம்பி என்று சொல்ல எனக்கு நாக்கூசியது.

ஏழே முக்காலுக்குப் பிரதீபா வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை. அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பரிமாறினான். “என்னால ஆன வரைக்கும் பாத்தேன் பிரதீபா. நமக்கு இது வரல. நீ இல்லாம இந்த வூடு ஓடாது.”

பிரதீபா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

வைஷாலி ஊறுகாய் பாட்டிலை இழுத்தாள். ஒரு வாய், ஊறுகாய், ஒரு வாய், தண்ணீர். நிமிராமல் தின்றாள். தட்டு காலியானது. நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் போடுப்பா.”

அவன் கரண்டி அப்படியே நின்றது. “புடிச்சிருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. அம்மா, வயிறார சாப்டேன். நீ போய்ட்டு வா.”

பிரதீபா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். காலை வரைக்கும் காத்திருக்கவில்லை.

கை கழுவ வந்த வைஷாலி என் காதருகே குனிந்தாள். முகம் வெளிறியிருந்தது, குமட்டலை அடக்கிக்கொண்டிருந்தாள். “அத்த, சோறு, கொழம்பு வைக்க எனக்குச் சொல்லிக் குடுக்குறியா? அம்மா போறதுக்குள்ள கத்துக்கிறேன்.”

எங்கள் வீட்டில் அவன் தின்ற தட்டை அவன் எடுத்ததில்லை. அம்மா எடுப்பாள், இல்லாவிட்டால் நான். ஆம்பளப் பிள்ளை என்று நாங்கள்தான் அவனை இப்படி ஆக்கிவிட்டோம். அவனைத் திட்டின திட்டில் பாதி எனக்கும் சேரும். இப்போது அந்த வரிசையில் அடுத்ததாக இவள் வந்து நிற்கிறாள், பன்னிரண்டு வயசில்.

“உனக்கெதுக்குடி? போய்ப் படி,” என்றேன். என் தம்பி எச்சில் தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“டேய் லட்சுமணா, எழுந்திரு. தட்டெல்லாம் எடுத்துனு போயி, அந்தப் பாத்திரத்த துலக்கு.”

அவன் திரும்பி என்னை முறைத்தான். நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் அவனுக்குச் சொன்ன முதல் வேலை அதுதான்.