பச்சை அக்கா

அந்தப் பயிற்சி மையத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் பச்சை அக்கா. நிறத்தைப் பார்த்தோ உடுப்பைப் பார்த்தோ வைத்ததில்லை. அவள் கம்ப்யூட்டரில் இருப்பது இரண்டே பட்டன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு மைதானம் தெரியும், பொம்மைப் பிள்ளைகள் பந்து விளையாடும். "நானும் விளையாட வரலாமா?" என்று கேட்டுப் பழகணும். அக்கா பச்சையை அமுக்கினால் பொம்மைகள் "வா வா!" என்னும். சிவப்பை அமுக்கினால் "நீ வேண்டாம், போ" என்னும். அப்போது "சரி, அப்புறம் வர்றேன்" என்று விலகி வரக் கற்கணும். மூன்று தடவைக்கு ஒரு சிவப்பு கட்டாயம், இது டாக்டரம்மா போட்ட சட்டம்.

அக்காவுக்குச் சிவப்புக்கு மட்டும் கை போகாது. நாலு வருஷம் ஒரு கம்பெனியின் புகார் போனில் உட்கார்ந்து "முடியாதுங்க, முடியாதுங்க" என்றே நாக்கு தேய்ந்தவள். பச்சைப் பிள்ளைகளிடமும் அதையே சொல்லவா? "நாளைக்கு ஊரே சொல்லப் போகுது, நாம வேற எதுக்கு?" என்பாள். டாக்டரம்மாவுக்குப் போகும் பயிற்சித் தாளில் மட்டும் சிவப்புக் கட்டத்தில் ஒழுங்காக டிக் விழும். அடிப் பாவி, இதுக்குப் பேர் இரக்கமாம்!

கடிகாரம் என்று ஒரு ஏழு வயசுச் சிறுமி. நொடி தவறாமல் வருவாள், சொன்னதைச் சொன்னபடியே செய்வாள். பதில் வராவிட்டால் திரும்பக் கேள், மற்றவர்கள் சிரித்தால் நீயும் சிரி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், சிவப்பிலும் தேறிவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டாள். கடிகாரம் பெரிய ஸ்கூலில் சேர்ந்தாள்.

பத்தாம் நாள் அவள் அம்மா அவளையும் இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"பிள்ளைங்க 'போ'ங்குதுங்க. இவளுக்கு அது ஒரு பதில்னே தெரியல, திரும்பத் திரும்பக் கேக்கறா. நேத்து அறுபது தடவை கேக்க வச்சு, வட்டமா நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு விரல் மடக்கி எண்ணுதுங்க. சிரிப்பான சிரிப்பு. இவளும் கூடச் சேர்ந்து சிரிச்சா. வேலிக்கு வெளிய நின்னு என் கண்ணால பார்த்தேன்."

"சிவப்புல எல்லாம் டிக் இருக்கே?" என்று டாக்டரம்மா தாளைப் புரட்டினாள்.

இப்போதாவது அக்கா வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, வேலை போய்விடுமே என்ற பயம். கடிகாரத்தை உள்ளே கூட்டிப்போய் கண்ணாடியை மாட்டினாள். இன்றைக்குச் சிவப்புத்தான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடிகாரம் கேட்டாள். பழகிய விரல் பச்சைக்கே போயிற்று.

"வா வா!"

கடிகாரம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, மெஷின் ரிப்பேர்."

"ஏன்டா கண்ணு?"

"எல்லாரும் வான்னு சொல்றாங்க. நிஜத்துல அப்படிச் சொல்ல மாட்டாங்க. சரி பண்ணிக் குடுங்க."

அக்கா கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டாள். கடிகாரம் மறுபடி கேட்டாள். அக்கா சிவப்பை அமுக்கினாள், அந்த வேலைக்கு வந்து முதல் தடவையாக.

"நீ வேண்டாம், போ."

"இப்ப சரியாயிடுச்சு!" கடிகாரம் பல் தெரியச் சிரித்தாள். "ஒண்ணு" என்று விரலை மடக்கினாள்.

"நானும் விளையாட வரலாமா?"