இருபது நிமிஷத்தைத் தின்றது யார்

நத்தை அண்ணன் என்று அவருக்குப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. லாரி நிறைய ஜன்னல் கண்ணாடியை அடுக்கிக்கொண்டு மலையேறுகிறவர் முப்பதுக்கு மேல் மிதித்தால், மேலே போய்ச் சேருவது கண்ணாடியா, தூளா? இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழவிட்டதில்லை மனுஷன்.

மகள் வேலைக்காகக் கடல் கடந்து போகிற நாள் அது. துறைமுகத்துக்கு ரயில் பத்து ஐம்பதுக்கு. இனி மூன்று வருஷம் கழித்துத்தான் முகம் பார்க்க முடியும். அன்றைக்கும் அதுவுமாக லோடு எடுக்கலாமா? மனைவி தலையிலடித்துக்கொண்டாள். நத்தை அண்ணனோ விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. ஏற்றத்தில் முப்பது. மேலே லோடு வண்டியை விட்டுவிட்டு, அங்கே நிற்கிற காலி வண்டியில் இறக்கத்தில் அறுபது. சராசரி நாற்பத்தைந்து. எட்டுக்குக் கிளம்பினால் பத்து நாற்பதுக்கு ஸ்டேஷனில் நிற்கலாம். மகள் பெட்டியைப் பூட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி போனார், சொன்னபடி வந்தார். வேக முள் இம்மி பிசகவில்லை, டீக்குக்கூட நிற்கவில்லை. ஆனால் ஸ்டேஷன் கடிகாரம் பதினொன்று காட்டியது. அடக் கடவுளே! ரயில் போயே போய்விட்டது. எங்கேயும் தப்பே செய்யாதவனிடமிருந்து இருபது நிமிஷத்தை யார் பிடுங்கியது?

பிளாட்பாரக் கோடியில், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள் மகள். பக்கத்தில் அம்மா, அழுது முடித்த முகத்தோடு. பதினொன்றரை ரயிலுக்கு டிக்கெட்டை அவர் கிளம்பின கையோடு மாற்றிவிட்டாளாம்.

"போறதுக்கு ரெண்டு மணி நேரம், வர்றதுக்கு ஒரு மணி நேரம்பா. தூரம்தான் சரிபாதி, நேரம் இல்ல. சராசரி நாப்பதுதான் வரும்."

நத்தை அண்ணன் மறுபடி விரலை மடக்கிப் பார்த்தார். ஆயுசு முழுக்க ஏறி இறங்கிய ரோடு. ஏற்றமும் இறக்கமும் ஆளுக்குப் பாதி என்றுதான் நினைத்திருந்தார். ஏற்றம் மட்டும் தன் ஆயுசில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது! அதை இந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்திருக்கிறாளே என்று உடம்பு சிலிர்த்தது.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா இறக்கத்துல வேகமா ஓட்டியிருப்பீங்க."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ரயில் வரும்வரை கீழே வைக்கவே இல்லை.