பதினோரு நாள் நின்ற பேட்ச்

காலை ஏழு இருபதுக்குக் குழுத்தலைவர் போன் செய்தார். "நம்ம தையல்காரர் போயிட்டாரும்மா. தூக்கத்துலயே." அவள் பல்தேய்க்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி நின்றாள். அடுத்து அவர் கேட்டது: "அவரோட பேட்ச் யார்கிட்ட நிக்குது?"

"என்கிட்டதான் சார்."

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமல் அதன் கெர்னலில், அதாவது மைய நிரலில், பிழை திருத்துவதுதான் அவளுக்கும் அவருக்கும் வேலை. ஓடுகிறவன் சட்டையை ஓடும்போதே தைக்கிற வேலை என்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். நாற்பத்தாறு வயது. வெந்நீர் மட்டுமே குடிப்பார். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார்.

பேட்ச் எனப்படும் திருத்தங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் முறையை இரண்டு வருடம் உழைத்து உருவாக்கியவள் அவள். அவர் வந்த மூன்றாம் மாதமே, புதிய பேட்ச் ஒன்று வந்தால் பழையவை எல்லாம் ஒரே வீச்சில் விலக வேண்டும் என்றார். அன்று கூட்டத்தின் நடுவே குனிந்து, ஆடும் அவள் மேஜைக் காலடியிலிருந்து ஐந்து அட்டைத் துண்டுகளை உருவினார்.

"உங்க மேஜைக்கே அஞ்சு ஒட்டா அக்கா! எது எதைத் தாங்குதுன்னு உங்களுக்காவது தெரியுமா?"

ஐந்தையும் எடுத்துவிட்டு ஒரே மரத்துண்டை வைத்தார். மேஜை அசையவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"பழைய பேட்ச் மாத்தி வச்சதை அப்புறம் யாரு சரிபண்றது? விலகும்போது அதுவா எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டுப் போகாதே," என்று மடக்கினாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அட, ஆமா! அப்போ புதுசா வர்றதுதான் அதையும் பார்த்துக்கணும்."

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்து அவரைத் திட்டுவாள். "அவர் பேச்சு எடுக்காத நாளே இல்லையே. உனக்கு யாரு புருஷன், நானா அவரா?" என்பான் கணவன்.

தையல்காரர் அந்த முறையை ஒரு பேட்சாக எழுதி முடித்து, சரிபார்க்க அவளுக்குத்தான் அனுப்பினார். முதல் நாளே வரிவரியாகப் படித்துவிட்டாள். பிழை இல்லை. ஒன்றாவது அகப்படாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். விளக்கக் குறிப்பில் அவர் எழுதியிருந்தார்: 'பழைய பேட்ச் விட்டுச்சென்ற மாற்றங்களை யார் சரிசெய்வது என்று கேட்டவர் அக்கா. அவர் கேட்டிராவிட்டால் இந்த முறை கவிழ்ந்திருக்கும்.' அந்தப் பெருந்தன்மைதான் அவளுக்குத் தாங்கவில்லை. தோற்றவளை இப்படியா தூக்கி வைப்பது?

தினமும் வெந்நீர்க் குவளையோடு வந்து நிற்பார். "என்னக்கா, என் பிள்ளை இன்னும் உங்க வாசல்லயே நிக்குதா? உள்ளே கூப்பிடுங்களேன்."

"படிச்சிட்டுதான் இருக்கேன்," என்பாள் நிமிராமல். பதினோரு நாள் அப்படிப் பொய் சொன்னாள்.

இறுதிச் சடங்கு முடிந்து மாலை அலுவலகம் வந்தாள். பேட்சைத் திறந்தாள். ஒப்புதல் கொடுத்தால் முதல் தகவல் எழுதியவரின் போனுக்குத்தான் போகும். அந்தப் போன் இப்போது அவர் மனைவியின் கையில் இருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் பதறி எடுப்பதை மதியம் இவளே பார்த்திருந்தாள்.

மேஜை அசையவில்லை. ஒப்புதல் பெட்டியில் இன்னும் டிக் விழவில்லை.