மிதி மேல் வைத்த கல்

காளீஸ்வரியும் நானும் இன்று கோவையில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து வீடியோ கேம் செய்து பிழைக்கிறோம். இதற்கா இவளைப் படிக்க வைத்தோம் என்று என் பெரியம்மா இன்னமும் அங்கலாய்க்கிறார். ஆறாவது படிக்கும்போதே நாங்கள் தொழிலைத் தொடங்கிவிட்டோம் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

வீரபாண்டியில் என் அப்பா பனியன் கம்பெனிகளுக்கு மெஷினில் காலர் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலரில் வரும் கோடுகளைக் கட்டம் கட்டமாக வரைய ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது எங்களுக்கு. காளீஸின் அம்மா டெய்லர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். காளீஸ் கட்டங்களை நிரப்பி இரண்டு கோழிகள் வரைந்தாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை வைத்து நான் அவற்றை நடக்க வைத்தேன். நடை என்ன நடை, நொண்டல்தான்.

விளையாட்டு இதுதான்: ஒரு கோழி தையல் மெஷின் மிதியை விடாமல் மிதிக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறந்து மற்றக் கோழி தப்பிக்கும். மிதிப்பது அவள், ஓடுவது நான். தனியாக ஆடவே முடியாது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு போய்ப் பார்த்தால், கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கல் கிடந்தது. நான் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, எனக்கு முன்னாலேயே வந்து காளீஸ் வைத்தது. கோழி அதை உருட்டி மிதி மேல் வைத்துவிட்டால் கதவு திறந்தே இருக்கும். எனக்கு வந்ததே கோபம். இது கள்ளாட்டம், விளையாட்டையே கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அவள் சண்டைக்கு வரவில்லை. சண்டையென்றால் முதல் ஆளாக நிற்பவள்.

“நீ மட்டும் வெளாண்டாலும் ஜெயிக்கணும்லடி” என்றாள்.

அவள் கண்முன்னாலேயே கல்லை அழித்தேன்.

போனஸ் வாங்கிய மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஆட்டோவில் பைகள், குடம், அடியில் கேஸ் அடுப்பு. கோபத்தை மறந்து, வரும்போது சேவு வாங்கி வா என்று சொன்னேன். தலையாட்டினாள். வாசலில் நின்ற அம்மா, “ஏனுங்க, அடுப்பையுமா எடுத்துட்டுப் போறாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

லீவு முழுக்க இரண்டு கையாலும் நானே ஆடிப் பார்த்தேன். மிதித்தால் ஓட வரவில்லை, ஓடினால் மிதிக்க வரவில்லை. கதவு முகத்திலேயே சாத்தியது. அவள் வரட்டும், இரண்டு பேருமாக ஜெயிக்கலாம் என்று காத்திருந்தேன். கம்பெனி திறந்தது. அந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்தது.

பல வருடம் கழித்து, கல்லூரியில் முதல் நாள் பின் பெஞ்சிலிருந்து யாரோ என் சடையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் காளீஸ். அழுதுவிட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி, கல்லைத் திரும்ப வைத்தாயா என்பதுதான்.

தீபாவளிக்குப் போகிறவர்கள் அடுப்பை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவார்கள், தூக்கிக்கொண்டு போனால் வரமாட்டார்கள். எங்கள் ஊரில் இது தெரியாத பெரியவர்கள் கிடையாது. அங்கேயே பிறந்த எனக்குத் தெரியவில்லை. பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கிளம்புவதற்குச் சில நாள் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தான் இல்லாதபோதும் எனக்குக் கதவு திறக்கட்டும் என்றுதான் அவள் அந்தக் கல்லை வைத்திருக்கிறாள்.