என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன்

என் கொழுந்தனோடு நான் பேசுவதில்லை. ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய், இருந்தாலும் பேசுவதில்லை. என்ன சண்டை என்று கேட்கிறவர்களிடம் ஒரு குதிரையால் வந்த சண்டை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நகைக்கோ நிலத்துக்கோ அடித்துக்கொண்டிருந்தால் நியாயம்தான் என்று தலையாட்டியிருப்பார்கள். சிரிக்கட்டும். நடந்ததை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டும் சிரிக்க முடிந்தால் சிரிக்கட்டும்.

கொழுந்தன் ஏற்காடு ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருக்கிறான். வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றி, ஒரு சுற்றுக் கூட்டிப்போய் இறக்கிவிடுகிற தொழில். மழைக்காலத்தில் ஆள் வராது. அப்போது குதிரைகளை மலைமேல் மேய விட்டுவிடுவான், சீசன் வந்தால் பிடித்துக்கொண்டு வருவான். ஒரு வருடம், கால் நொண்டிய கிழட்டுப் பெட்டை ஒன்றை விட்டவன் பிடிக்கப் போகவே இல்லை. அது கொட்டச்சேடு பக்கம், நானும் என் கணவரும் வேலை செய்கிற காப்பி எஸ்டேட்டுக்குள் குட்டி போட்டது. பிறகு செத்தும் போனது. அதைக்கூட அவன் வந்து பார்க்கவில்லை. நாங்கள்தான் குழி வெட்டினோம்.

குட்டி தானாக வளர்ந்தது. பெட்டைக்குட்டி, செம்மண் நிறம். ஒரு மனுசக் கை அதன் மேல் பட்டதில்லை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிற்கும், நாம் இருமினால்கூட ஓடிவிடும். யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த வரைக்கும் அது யாருடைய குதிரையும் இல்லை. ஒரு நாள் காப்பி நாற்றுகள் வைத்திருந்த நர்சரிக்குள் புகுந்து மிதித்துவிட்டது. அன்றைக்கே அது எங்கள் வீட்டுக் குதிரையாகிவிட்டது.

எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டர் வீடு தேடி வந்தார். "ஏனுங்க, உங்கூட்டுக் குதிரை நர்சரியப் பூராம் மிதிச்சுப் போட்டுதுங்க. புடிச்சுக் கட்டிப் பழக்கிக்கோணும். இல்லீனா லாரி வெச்சுக் கீழ அனுப்பிருவோம்னு மேனேஜர் சொல்லிப்போட்டாருங்க."

கீழே அனுப்புவது என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, வெட்டுக்குத்தான். கொழுந்தன்தான் சிரித்துக்கொண்டே வழி சொன்னான். "அதுக்கென்னுங்க அண்ணி, கழுத்துல சுருக்குப் போட்டு, தண்ணி காட்டாம ரெண்டு மூணு நாள் கட்டிப்போட்டா வழிக்கு வந்துரும். அப்பறம் முள்ளுக் கடிவாளம் போட்டாப் போச்சு."

முள்ளுக் கடிவாளம் என்பது வாய்க்குள் போகும் இரும்பில் பல் பல்லாக வெட்டியிருப்பது. இழுத்தால் நாக்கில் ஏறும். அவனுடைய மற்றக் குதிரைகளின் வாயோரம் வெடித்து ஆறி, ஆறி வெடித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நானே பழக்குகிறேன் என்றேன். என் கணவர் சிரித்தார், கொழுந்தன் இன்னும் சத்தமாகச் சிரித்தான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். மே மாதம் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழா, நாங்கள் நோம்பி என்போம், அது வரைக்கும் எனக்குக் கெடு. அதற்குள் வெறும் கயிற்றோடு அதன் முதுகில் ஆளை ஏறவிட்டால், அதற்கு எந்நாளும் முள்ளுக் கடிவாளம் கிடையாது. "சேர்வராயன் மேல சத்தியமுங்க அண்ணி," என்றான் அவன். சாமி பேரைச் சொன்னதால் நம்பினேன்.

எனக்குக் குதிரை பழக்கத் தெரியாது. எப்படி விரட்டுவார்கள் என்பதுதான் தெரியும். அதனால் எதையெல்லாம் அவர்கள் செய்வார்களோ அதையெல்லாம் செய்யாமல் இருந்தேன். வேலை முடிந்ததும் உள்ளங்கையில் கல்லுப்பு வைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கி முடியும் வரைக்கும் இதே கதைதான். பிறகு ஒரு சாயங்காலம் பின்னாலிருந்து சூடாக ஒரு மூச்சு என் தோளில் பட்டது. நான் திரும்பவில்லை. "வா கண்ணு," என்று மட்டும் சொன்னேன். உப்பை நக்கிவிட்டு என் சட்டையை மோந்து மோந்து பார்த்தது.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பிக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவோம். குச்சி கிழிக்காது, எறும்பு ஏறாது. என்னுடையது என் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, நீலக் கட்டம். தலைக்கு ஒரு துண்டு. குதிரைக்கு அந்த வாசனைதான் நான். அதனால் சட்டையைத் துவைப்பதையே விட்டுவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்தார்கள். "குதிரைக்காரி வர்றா, தள்ளிக்குங்க." செய்துகொள்ளட்டும் என்று விட்டேன். வீட்டு வெளிச்சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டிவைப்பேன்.

பிறகு கழுத்தைத் தடவவிட்டது. கயிறு போடவிட்டது. முதுகில் வெறும் சாக்கு, அடுத்து காப்பித்தொலி நிரப்பிய சாக்கு. ஒரு பாறையோரம் நிறுத்தி அதன் மேல் குறுக்கே படுத்தேன். உடம்பெல்லாம் நடுங்கிற்று, ஆனால் ஓடவில்லை. நோம்பிக்கு இரண்டு வாரம் இருக்கையில் கால் போட்டு உட்கார்ந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்த வயதில். பயத்தில் எனக்கு அழுகை வந்தது. அது காதைத் திருப்பி என்னைக் கேட்டுக்கொண்டே நான்கு அடி நடந்தது. நோம்பி அன்றைக்கு எல்லோருக்கும் காட்டலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நோம்பிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல பனிமூட்டம். எஸ்டேட் ரோட்டில் குதிரை ஓடிவருகிற சத்தம். நின்று பார்த்தால், மூட்டத்துக்குள்ளிருந்து என் சட்டை குதிரை மேல் உட்கார்ந்து வருகிறது. நீலக் கட்டம், தலையில் என் துண்டு. ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிட்டே வந்த பிறகுதான் கொழுந்தனின் முகம் தெரிந்தது. குதிரையின் வாயிலிருந்து நுரையும் ரத்தமும் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே முள்ளுக் கடிவாளம்.

"பாத்தீங்களா அண்ணி," என்றான். "நோம்பிக்குள்ள நொம்பக் கூட்டம் வந்துருது, குதிரை பத்தலீங்க. உங்க சட்டையப் போட்டுக்கிட்டு, நீங்க கூப்புடற மாதிரியே வா கண்ணுன்னு கூப்புட்டேன். தானா வந்து வாயைக் குடுத்துச்சுங்க. நொம்ப நல்லாத்தான் பழக்கியிருக்கறீங்க."

"எறங்குடா," என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை நான் டா போட்டதில்லை. இறங்கவில்லை. சந்தைப் பையை அப்படியே அவன் மேல் வீசினேன். தக்காளியெல்லாம் ரோட்டில் உருண்டது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், அவன் பிறப்பைப் பற்றிச் சொன்னேன், வீட்டிலிருந்த என் மாமியாருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் கணவர் ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சமாதானம் பேசினார். "நொம்பத்தான் பண்றே புள்ள. ஏறோணும்னுதானே பழக்குனே? ஏறியாச்சு. உட்டுத் தள்ளு."

ஏறுவதற்குத்தான் பழக்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வேண்டாம் என்றால் நான் இறங்கிவிடுவேன், அது அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மனுசனுக்கு அதை எப்படிச் சொல்வது? தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் விடிந்ததும், அவன் திரும்ப ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, குதிரையை அவன் கட்டியிருந்த இடத்துக்குப் போனேன். புத்தி கெட்ட வேலை. சட்டையைக் கண்டதும் கயிறு கழுத்தை நெரிக்கும் அளவுக்குப் பின்னால் இழுத்தது. சட்டையைக் கழற்றித் தூர எறிந்துவிட்டுப் போனேன். அப்போதும் அப்படித்தான். உப்பைக் காட்டினேன், பார்க்கவில்லை. "வா கண்ணு" என்றதும் கண்ணின் வெள்ளை தெரிய நடுங்கிற்று. என் சொல்லையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான் பாவி. சட்டையைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். அன்றைக்கு மத்தியானம் நான் காட்டில் இருக்கும்போது குதிரையை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

நோம்பிக்கு நான் போகவில்லை. பொய்ச் சத்தியத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த சாமியைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று இருந்தது. ஏரிக்கரை வழியையும் விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஒரு வேலையாக டவுனுக்குப் போனபோது தவிர்க்க முடியவில்லை. குதிரையைக் கம்பியில் கட்டி நிறுத்தியிருந்தான். நெற்றியில் பிளாஸ்டிக் பூ, முதுகில் சிவப்பு வெல்வெட். கொழுந்தன் டீ குடிக்கப் போயிருந்தான். நான் கிட்டே போனேன். காது அசையவில்லை. கழுத்தில் கை வைத்தேன், விட்டது. ஒரு பறிப்புக் காலம் முழுக்க நான் காத்துக் கிடந்த கழுத்து அது. இப்போது யார் வந்து தொட்டாலும் விடும்போல.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் ஆள் ஒருவர் வந்தார். நான்தான் குதிரைக்காரி என்று நினைத்துக்கொண்டார். "ஏனுங்க, இது கடிக்குங்களா?"

"இருங்க, பாக்கறேன்," என்றேன்.

உதட்டைத் தூக்கி, அந்த இரும்புக்குப் பக்கத்தில், பல்லுக்கு நடுவே என் விரல்களைக் கொடுத்தேன். "கடி," என்றேன், அவருக்குக் கேட்காமல். "கடி சாமி." கடிவாளத்துக்குத் திறப்பதுபோல அது வாயைத் திறந்துகொண்டு நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"கடிக்காதுங்க," என்றேன். அவர் குழந்தையை ஏற்றி உட்காரவைத்தார்.